தம்பியின் மூச்சு நீர்

அந்த எண் அங்கே இருந்திருக்கக் கூடாது. துருவத்தில் துளைபோட்டு எடுத்த பனித்தண்டின் ஆழமான பகுதி அது. பூமியே விறைத்துக் கிடந்த காலத்தில் விழுந்த பனி. நீரில் இருக்கும் ஆக்சிஜனில் கனமானது, லேசானது என்று உண்டு. குளிர் கூடக் கூட, விழும் பனியில் கனமானது குறைந்துகொண்டே போகும். அதனால் பனியைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, உருக்கி, இயந்திரத்துக்குக் கொடுத்தால், அந்தக் காலத்தில் எவ்வளவு குளிர் என்று அது எண்ணாகச் சொல்லிவிடும். இத்தனை நாளும் சமர்த்தாகக் குளிரையே சொல்லி வந்த இயந்திரம், அன்று காலை வெப்பத்தைச் சொன்னது. கொஞ்சநஞ்ச வெப்பம் இல்லை. துருவத்தில் எந்தக் காலத்திலும் விழுந்திருக்க முடியாத தண்ணீர்.

இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்தவள் ஒரு சந்தேகப் பிராணி. காய்ச்சிய பாலையும் முகர்ந்து பார்த்துத்தான் ஊற்றுவாள். பூட்டிய கதவை இழுத்துப் பார்த்துவிட்டு, தெருமுனை வரை போய், திரும்பி வந்து இன்னொரு தடவை இழுப்பாள். வீட்டில் எல்லோரும் கேலி செய்யும் இந்தக் குணத்துக்குத்தான் ஆய்வகத்தில் சம்பளம் கொடுத்தார்கள். பனியில் ஏதோ கலந்திருக்கிறது என்று முடிவு கட்டினாள். யாரோ மூச்சு விட்டிருக்கிறார்கள்.

மூச்சின் ஈரம் பனிமேல் பட்டால் அளவு கெட்டுவிடும். அதற்காகவே அங்கே ஒரு வழக்கம் இருந்தது. குளிரறைக்குள் வேலை செய்ய வருகிறவர் யாராக இருந்தாலும், முதல் நாளே ஒரு குளிர்ந்த கண்ணாடிக் குழாய்க்குள் ஊத வேண்டும். உள்ளே திரளும் துளிகளை அளந்து வைத்துக்கொள்வார்கள். மூச்சு நீர் என்று அதற்குப் பெயர். பனியில் அந்த எண் தலைகாட்டினால் ஆளைப் பிடித்துவிடலாம். எல்லோரும் ஒரே ஊர்க் குழாய்த் தண்ணீரைக் குடிப்பதால் எல்லோருடைய எண்ணும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். ஒருவனுடையது மட்டும் தனியாக நிற்கும். சிறுநீரகத்தில் கல் வந்து படாதபாடு பட்டதிலிருந்து, எங்கோ மலையிலிருந்து வரும் கேன் தண்ணீரைத் தவிர வேறெதையும் வாயில் வைக்காதவன் அவன். பனி வெட்டுகிறவன். அவளுடைய தம்பி.

பனிக்குள் இருந்தது அவன் எண்.

எந்த வேலையிலும் நிலைக்காதவனை, நான் பொறுப்பு என்று சொல்லி உள்ளே சேர்த்தவள் அவள்தான். எதையும் அளந்தே பேசுவதால் ஸ்கேல் என்று பெயர் வாங்கிய ஆய்வகத் தலைவர் இதைப் பார்த்தால், மறுபேச்சுக்கு இடமில்லாமல் அவனை வெளியே அனுப்பிவிடுவார். அவன் மனைவி மாசமாக இருக்கிறாள். இந்த நேரத்தில் அவன் மறுபடியும் வேலையில்லாமல் நிற்பதை நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

அவனைத் தனியாகக் கூப்பிட்டு, முகமூடியை இறக்கிவிட்டுப் பாட்டு கீட்டுப் பாடினாயா என்று கேட்டாள். பழைய தம்பியாக இருந்தால், நீ போலீஸில் சேர்ந்திருக்க வேண்டியவள் என்று ஆரம்பித்து அரைமணி நேரம் வாயடித்திருப்பான். இப்போது இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டுச் சிரித்தான். சில நாட்களாகவே அவன் அப்படித்தான் இருந்தான். அப்பா ஆகப்போகிறான், பொறுப்பு வந்துவிட்டது என்று அவள் சந்தோஷப்பட்டுக்கூட இருந்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு சந்தோஷம் போய்விட்டது. பொய் சொல்கிறவனின் சிரிப்பாக இருந்தால் அவளால் கண்டுபிடித்திருக்க முடியும். அதில் கண்டுபிடிக்க ஒன்றுமே இல்லை.

மீதிப் பனியை அவளே வெட்டினாள். இரண்டு முகமூடி போட்டுக்கொண்டு, வெளிப்புறத்தை முழுக்கச் சீவித் தள்ளிவிட்டு, நடு மையத்திலிருந்து மட்டும் எடுத்து அளந்தாள். அதே எண். மூச்சு பனியின் மேலே படியலாம். இத்தனை ஆயிரம் வருஷமாக இறுகிக் கிடந்த பனியின் வயிற்றுக்குள் எப்படிப் போகும்? அதுவும் தொடர்ந்து இல்லை. வெப்பம், குளிர், வெப்பம், குளிர். திரையில் கோடு மெதுவாக ஏறியது, இறங்கியது, ஏறியது. பார்த்துக்கொண்டே இருந்தவள், தன் நெஞ்சும் அந்தக் கோட்டோடு சேர்ந்து ஏறி இறங்குவதைக் கவனித்து, சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்போதுதான் தம்பி மனைவி போன் செய்தாள். டாக்டரைப் பற்றி, முதுகுவலியைப் பற்றி எல்லாம் பேசிவிட்டு, வைக்கப்போகிற நேரத்தில் தயங்கினாள்.

"அண்ணி, இவர் இப்பல்லாம் தண்ணியே குடிக்கிறதில்ல. போன வாரம் வாங்கின கேன் திறக்காம அப்படியே இருக்கு. கேட்டா தாகமே இல்லன்றார்." கொஞ்சம் நிறுத்தி, "பக்கத்துல படுத்தா குளிருது அண்ணி," என்றாள்.

நாள் முழுக்க அந்தக் குளிரில் நிற்கிறான், அப்படித்தான் இருக்கும் என்று இவள் சமாதானம் சொன்னாள். சொன்னது தனக்கே ஒட்டவில்லை.

ஸ்கேல் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். எல்லோரும் சாப்பிடப் போன நேரம். காரணம் எதுவாகவும் இருக்கட்டும், அந்தப் பனி இருக்கக் கூடாது. கை தவறி உடைந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். ஒரு முழ நீளத்தில் மிச்சமிருந்த அந்தத் துண்டை எடுத்துவந்து, கழுவும் அறையின் எவர்சில்வர் தொட்டியில் வைத்து, வெந்நீர்க் குழாயைத் திறந்தாள். பழைய பனி உருகும்போது, உள்ளே அடைபட்ட காற்று சின்னச் சின்னதாக வெடித்துக்கொண்டு வெளியேறும். அவள் காதுக்குப் பழகிய சத்தம்தான். அதை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்துத் துண்டுகளையும் எடுத்துவரக் குளிரறைக்குப் போனாள்.

வெட்டும் இயந்திரம் நின்றிருந்தது. விசிறிகளின் ஒரே சீரான இரைச்சல். அடுக்குகளுக்கு முன்னால் தம்பி நின்றிருந்தான். முகமூடி இல்லை. கையுறை இல்லை.

"உருக்கிட்டியா அக்கா?"

அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"எதை?" என்றாள். சொல் வெள்ளைப் புகையாக வெளியே வந்து, முகத்துக்கு முன்னால் தொங்கிக் கலைந்தது.

"அதத்தான். நல்லதாப் போச்சு. மிச்சத்தையும் நானே எடுத்துட்டு வரேன்."

அவன் உதடுகள் அசைந்தன. பற்கள் தெரிந்தன. புகை வரவில்லை. அவள் காத்திருந்தாள். அவன் இன்னும் ஏதேதோ அன்பாகப் பேசினான். எல்லாம் அவள் நல்லதுக்கு என்பது போல. அந்தக் குளிரில் ஒரு எலி மூச்சு விட்டாலும் கண்ணுக்குத் தெரியும். அவன் வாய்க்கு முன்னால் காற்று துடைத்து வைத்ததுபோல் இருந்தது.

அவனைப் பார்த்தபடியே அவள் பின்னோக்கி நடந்தாள். கதவு வரை. ஓடவில்லை. கதவைத் தாண்டிய பிறகுதான் ஓடினாள்.

கழுவும் அறை. குழாய் கொட்டிக்கொண்டிருந்தது. பனி வெடிக்கும் சத்தம். ஆனால் பழைய மாதிரி இல்லை. சேர்ந்தாற்போல் ஒரு பொரிவு. அமைதி. மறுபடி ஒரு பொரிவு. அமைதி. பனியின் வெட்டுமுகத்துக்கு எதிரே, எவர்சில்வரில், கையகலத்துக்கு ஆவி படர்ந்தது. சுருங்கியது. மறுபடி படர்ந்தது.

கையை நீட்டினாள். உள்ளங்கையில் வெதுவெதுப்பான காற்று. வாசனை. சின்ன வயதில் ஒரே போர்வைக்குள் முகத்தோடு முகம் வைத்துப் படுத்த நாளிலிருந்து அவளுக்குத் தெரிந்த வாசனை.

குழாயை மூடினாள். பாதிதான் மிச்சம்.

இரண்டு கையாலும் வாரி எடுத்தாள். நெஞ்சோடு அணைத்தாள். ஓடினாள். அந்தக் கட்டடத்தில் குளிரறையை விட்டால் பனியைக் காக்கும் குளிர் வேறெங்கும் இல்லை. தோளால் கதவை முட்டினாள். திறக்கவில்லை. உள்ளேயிருந்து அவன் கைப்பிடியைப் பிடித்திருந்தான். கத்தினாள். நடையில் யாரும் இல்லை.

அவள் சூடுதான் அதை உருக்குகிறது. தெரிந்தது. கீழே வைக்கவும் முடியவில்லை. தரையும் சூடு. முழங்கையிலிருந்து சொட்டியது. சொட்டிக்கொண்டே இருந்தது.

கதவின் ஒடுக்கமான நீளக் கண்ணாடியில் அவள் மூச்சு ஆவியாகப் படர்ந்தது. அதற்குக் கீழே, நெஞ்சு உயரத்தில், பனிக்கு நேரே இன்னொன்று படர்ந்தது. சின்னதாக. அடுத்தது அதைவிடச் சின்னதாக. அந்தப் பக்கம் தம்பியின் முகம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. வாய் அகலத் திறந்திருந்தது. அந்தப் பக்கக் கண்ணாடி துளி ஆவி படியாமல் பளிச்சென்று இருந்தது.