ஆளில்லாத பாலத்தில் பாரம்

தையல் ஆலையின் மாடியறையில் எனக்கு ஒரு மேசை போட்டுக் கொடுத்தார்கள். சன்னலுக்கு வெளியே, பக்கத்துக் கட்டடத்துக்குப் போகும் இரும்பு நடைபாலம். பழைய பாலம் ஷிப்ட் முடிகிற நேரத்தில் பெண்களோடு சேர்ந்து விழுந்துவிட்டது. அதே இடத்தில் கட்டிய புதுப்பாலம் இது. தாங்கும் என்று கணினியில் கணக்குப் போட்டு நான் கையெழுத்திட்டால் திறந்துவிடுவார்கள். அம்மா இங்கேதான் தைக்கிறாள். திறந்தால் தினமும் அதில்தான் நடப்பாள்.

பாரத்தைப் பாலம் முழுக்கச் சமமாகப் பரப்பச் சொன்னார் மேனேஜர். வேலை விட்டதும் பை சோதனைக்காக எல்லாரும் பாலத்தின் மறுகோடியில், கேட் முனையில் முண்டியடித்து நிற்பது அவருக்கு எப்படித் தெரியும்? அவர் பையை யார் சோதித்தார்கள்?

இருந்தாலும் சொன்னபடி போட்டேன். திரையில், பாலத்தின் மேல் பாரத்தைக் காட்டும் அம்புக்குறிகள் ஒரே உயரத்தில் வரிசையாக நின்றன. தாங்கும் என்றது கணக்கு. தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

அம்புகள் மாறியிருந்தன.

இந்த முனையில் குட்டை, போகப்போக உயரம், கேட் முனையில் தலைக்கு மேல் தலையாக நெருக்கம். அழித்துவிட்டு மறுபடி சமமாகப் போட்டேன். கண்ணெதிரே ஒவ்வொன்றாக நகர்ந்து கேட் பக்கம் போயின.

மவுஸில் என் கை இல்லை.

மெஷின் எண்ணெய் நாறியது. கழுத்தோரம் யாரோ மூச்சு வாங்கினார்கள்.

"தள்ளாதீங்கடி..."

அறையில் நான் மட்டும்தான்.

அந்தப் பாரத்தையே வைத்துக் கணக்கை ஓட்டினேன். கேட் முனை சிவந்து முறிந்தது. மேனேஜரிடம் காட்டினேன். அம்மாவுக்கு என்னாகுமோ என்ற பயத்தில் கணக்கை வளைக்கிறேனாம். கையெழுத்து இல்லையென்றால் வேலையும் இல்லையாம்.

"உங்க அம்மாவ அந்த முனையில ஒரு நாள் நிறுத்துங்க சார். கண்ண மூடிக்கிட்டுப் போடறேன்."

என் மூக்கை உடைக்கத்தான், மறுநாள் மணல்மூட்டை ஏற்றிப் பார்ப்போம் என்று, கேட் முனைக்கு அடியில் தொய்வை அளக்கும் டயல் ஒன்றைப் பொருத்த வைத்தார்.

அன்று மாலை நானும் மேனேஜரும் டயலுக்குப் பக்கத்தில் நிற்கும்போது சங்கு ஊதியது. அம்மாவும் மற்றவர்களும் படிக்கட்டு வழியாக இறங்கினார்கள். பாலத்தின் இரு கதவுகளும் பூட்டியிருந்தன. மேலே ஈ, காக்கைகூட இல்லை.

டயலின் முள் நடுங்கியது. பிறகு நகர ஆரம்பித்தது.

"காத்தா இருக்கும்," என்றார் மேனேஜர், மெல்ல. மரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை.

பாலம் முனகியது. கேட் முனை கொஞ்சம் கொஞ்சமாகத் தொய்ந்தது.

ஆலை காலியானது. விளக்குகள் அணைந்தன.

முள் பழைய இடத்துக்குத் திரும்பவே இல்லை.