கத்தரிக்காய்க் கடல்

"கடலைக் கத்தரிக்காய் ஆக்கி வெச்சிருக்கீங்க," என்றபடி அந்தத் திங்கட்கிழமை மழையோடு மழையாக அச்சகத்துக்குள் நுழைந்தாள் அவள். தன் புகைப்படக் கண்காட்சிக்கான அழைப்பிதழின் மாதிரி அச்சை மேஜையில் போட்டாள்.

மையும் கையுமாக நின்றவன் நிமிர்ந்தான். அந்தக் கண்கள்... கோபத்திலும் இத்தனை அழகாக இருக்க இவளுக்கு யார் அனுமதி கொடுத்தது?

சமாளித்துக்கொண்டு விளக்கினான். கணினித் திரையில் தெரிவது ஒளி. சிவப்பு, பச்சை, நீலம் சேர்ந்தால் வெள்ளை. மையோ ஒளியைத் தின்றுவிடும். எல்லா மையும் கலந்தால் சேறுதான் மிஞ்சும். நீலத்தில் மெஜந்தா என்கிற இளஞ்சிவப்பு மை கொஞ்சம் தூக்கலானால் இப்படித்தான், ஊதா...

"அப்போ அதைக் குறைங்க. பாடம் அப்புறம் நடத்தலாம்."

டியூப்லைட்டில் நிறம் பொய் சொல்லும். அதனால் தினமும் மதியம் அவள் வந்து, ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்து, சரியென்றால் கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு.

மறுநாளே கடல் கடலாகிவிட்டது. அவனுக்குப் பகீரென்றது. கையெழுத்துப் போட்டுவிட்டால் நாளைக்கு எதற்கு வருவாள்? அந்தத் தாளைக் காகிதக் கட்டுக்கடியில் செருகிவிட்டு, வேண்டுமென்றே மெஜந்தாவை ஏற்றி இன்னொன்றை நீட்டினான். "இன்னும் கத்தரிக்காய்தான்," என்று உதட்டைப் பிதுக்கினாள். நடுவில் போன் வந்து அவன் உள்ளே போய்த் திரும்பினான்.

புதனும் வியாழனும் அதே கத்தரிக்காய். பேச்சு மட்டும் கடலிலிருந்து கேமராவுக்கும், கேமராவிலிருந்து அவளுடைய நாய்ப் பயத்துக்கும் போயிற்று.

வெள்ளிக்கிழமை, அச்சக முதலாளியான அவன் அப்பா காகிதக் கட்டைப் புரட்டியபோது அந்தத் தாள் சிக்கியது.

"கலர் முதல்லயே சரியா வந்திருக்கே. எதுக்குடா இந்தப் பொண்ணை அலைய விட்டே?"

அவள் எதிரிலேயே கேட்டுவிட்டார். போச்சு, இனி இந்தப் பக்கமே வரமாட்டாள் என்று தலை குனிந்து நின்றான் அவன்.

அப்பா தாளைத் திருப்பினார். பின்பக்கம் பென்சிலில் அவள் கையெழுத்து. கீழே செவ்வாய்க்கிழமைத் தேதி.

"நீங்க போன் பேசப் போனப்போ கண்ல பட்டுது," என்றாள், ஜன்னலைப் பார்த்தபடி. "ஒரு தடவையாவது திருப்பிப் பாப்பீங்கன்னு நினைச்சேன்..."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே," என்றான் அவன்.

"சொல்லிட்டா, மறுநாள் எதைச் சாக்கா வெச்சு வர்றது?"

அப்பா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மெஷினைத் தானே ஓட்டிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு உள்ளே நழுவினார்.

"உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு," என்றான் அவன். "அதைச் சொல்லத் தெரியாமத்தான் மெஜந்தாவை ஊத்தினேன்."

அவள் கன்னத்தில் ஏறிய சிவப்பு எத்தனை சதவீதம் என்று அந்தக் கெட்டிக்காரனுக்கு அன்று கணக்கிடத் தெரியவில்லை.