இடது தோளில் ஐந்து நாள்

குருநகரில் வலைக்கடை வைத்திருக்கும் சிமியோன், கண் ஆஸ்பத்திரியிலிருந்து ஓட்டோவில் வந்து இறங்கும்போதே டாக்டரைத் திட்டிக்கொண்டுதான் இறங்கினான். இடக்கண் சின்ன வயதிலேயே தூண்டில் குத்திப் போய்விட்டது. மிஞ்சிய வலக்கண்ணில் போன கிழமை ஓரமாக ஒரு கறுப்புச் சீலை மூடிக்கொண்டு வந்தது. விழித்திரை கழன்றிருக்கிறது என்றார் டாக்டர் சுவர்ணா. ஊசியால் கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழை விட்டு, ஐந்து நாள் தலையை இடது தோளில் சாய்த்தே வைத்திருக்கச் சொன்னார். குமிழ் அழுத்தினால்தான் திரை ஒட்டும். நிமிர்ந்தால் இந்தக் கண்ணும் போகும்.

"காத்தடிச்சால் கண் தெரியுமோ? உது என்ன சைக்கிள் ரியூப்பே?" என்றான் மனைவி கிறிஸ்ரினாவிடம்.

எவரையும் கணக்கில் எடுத்து அவனுக்குப் பழக்கமில்லை. ஒன்பது வருடத்துக்கு முன் அக்கா லூர்த்தம்மா இதே கறுப்புச் சீலையைச் சொல்லி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும்படி கெஞ்சினாள்.

"வேலை செய்யப் பஞ்சியோ, அக்கா?" என்று, சோம்பலுக்குச் சாட்டுச் சொல்கிறாளென்று சிரித்தான்.

இரண்டு மாதத்தில் அவளுக்கு இரண்டு கண்ணும் போயின. வீட்டு வளவுக் கிணற்றில் விழுந்து செத்தாள்.

இரண்டாம் நாள் மத்தியானம், கதிரையில் சாய்ந்திருந்த சிமியோன், டாக்டர் சொன்னதெல்லாம் விசர்க்கதை என்று கழுத்தை நிமிர்த்தினான்.

வலக்கன்னத்தில் ஒரு குளிர்ந்த உள்ளங்கை பதிந்தது. தலையைத் தோளுக்குத் தள்ளியது.

"கையை எடு, கிறிஸ்ரினா. ஈரமாக் கிடக்கு."

"ஆரோடை கதைக்கிறியள்?"

குரல் குசினி அடுப்படியிலிருந்து வந்தது.

அறையில் கிணற்றுப் பாசி மணத்தது.

ஊரையே ஏறி மிதித்த வாய் அன்றோடு அடங்கியது. நித்திரையில் கழுத்து நிமிர்ந்தாலும் அந்தக் கை விடவில்லை. மனுசன் முதன்முறையாகச் சொல்வழி கேட்கிறான் என்று கிறிஸ்ரினா சந்தோசப்பட்டாள். கையைப் பற்றி அவளிடம் சொல்ல அவனுக்கு வெட்கமாயிருந்தது.

பன்னிரண்டாம் நாள் டாக்டர் சோதித்துப் பார்த்தார்.

"வடிவா ஒட்டியிருக்கு, ஐயா. சொன்னபடி கிடந்திருக்கிறியள்."

குமிழும் முழுதாய்க் கரைந்துவிட்டது, இனிப் பயமில்லை என்றார்.

சிமியோனுக்கு வாய் திரும்பி வந்தது. செத்தும் தனக்கு வேலைக்காரியாகத்தான் வந்திருக்கிறாள் என்று ஓட்டோவில் இருந்தபடியே அக்காவை நினைத்துச் சிரித்தான்.

வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தான். இத்தனை நாளும் குமிழ் காட்டிய கறுப்பு வட்டம் பார்வையின் அடியில் இன்னும் நின்றது. குமிழ் என்றால் தலையோடு சேர்ந்து ஆடும்.

இது ஆடவில்லை.

மேலிருந்து பார்க்கும் கிணறு போலிருந்தது. அதன் அடியில் ஒரு முகம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது.

கண்ணை மூடினான். போகவில்லை.

முகத்தைத் திருப்பினான்.

குளிர்ந்த உள்ளங்கை கன்னத்தில் பதிந்து, மெதுவாகத் திருப்பிப் பிடித்தது.

"பாக்கப் பஞ்சியோ, தம்பி?"