கரை, கேக்குதா?

"இன்னா அண்ணாத்த, கடைய மூடிட்டு கருவாட்டு யாவாரம் ஆரம்பிச்சிட்டியா?"

டீ டம்ளரை மேசையோரம் வைத்த மோகன் மூக்கைச் சுருக்கினான். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருந்த அந்தக் கட்டடத்தில் கீழே அவனுடைய டீக்கடை, மாடியில் ஜெகதீசனின் கம்ப்யூட்டர் ரிப்பேர் பட்டறை.

"கெப்பாசிட்டர் ஒழுகினா இப்டித்தான் நாறும். உள்ள கீற தண்ணி மீன் வாட அடிக்கும். போர்டுலேந்து மல்லிப்பூ வாசமா வரும்?"

"எத்தினி நாளா உனக்கு டீ குடுக்கறேன், என்கிட்டயே கத உடாத. இது கெப்பாசிட்டர் இல்ல. கடலு."

அவன் படியிறங்கிப் போன பிறகு ஜெகதீசன் குப்பைக்கூடையைக் கவிழ்த்துப் பார்த்தான். காலியாகத்தான் இருந்தது. ஒழுகிய நான்கு கெப்பாசிட்டர்களையும் மத்தியானமே காகிதத்தில் சுருட்டி எடுத்துப் போய், தெருமுனைத் தொட்டியில், எச்சில் இலைகளுக்கு அடியில் தள்ளிவிட்டு வந்திருந்தான். மேசைமேல் திறந்து கிடந்த பெட்டிக்குள் இருந்தவை புதியவை. பற்றவைத்த ஈயத்தின் பளபளப்புகூட இன்னும் மாறவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஐப்பசி மழை தகரக் கூரைகளின்மேல் ஒரே சுதியில் இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்குக் கீழே, உப்பும் ஈரக் கயிறும் அழுகிய பாசியுமாக, அந்த வாடை அறைக்குள் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.

அந்தப் பெட்டி பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய பவர் சப்ளை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தில், கரையிலிருந்து படகுகளோடு பேசும் வயர்லெஸ் செட் அதிலிருந்து வந்த கரண்டில்தான் ஓடியது. செட் இருந்தது படகுக்காரன் அரசுவின் வீட்டில். கோடையில் பழுதான பெட்டியைத் தோளில் சுமந்து வந்தவனும் அரசுதான்.

"அண்ணே, இது ராவும் பகலும் ஓடணும். போட்டு கடலுக்குப் போச்சுன்னா கரையில இது முழிச்சிகினு கெடக்கணும்."

"ஓடும் போ. உன் பொண்டாட்டி தூங்கினாலும் இது தூங்காது."

"அவளாவது தூங்கறதாவது! வூட்டுல திட்ட முடியாததெல்லாம் மைக்குலதான் திட்டுவா. அத்தினி போட்டும் கேட்டுட்டு சிரிக்கும்ணே."

ஜெகதீசனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே, பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்றிலிருந்து கழற்றி வைத்திருந்த நான்கு கெப்பாசிட்டர்களை அதில் வைத்துப் பற்றவைத்தான். உறையில் போட்டிருந்த எண்கள் எல்லாம் சரியாகவே இருந்தன. ஆனால் ரகம் வேறு. இந்தப் பெட்டிக்குள் ஓடும் கரண்டின் வேகத்தையும் சூட்டையும் அவை நெடுநாள் தாங்கா. கொஞ்சம் கொஞ்சமாக உள்ளேயே வெந்து, ஒருநாள் உப்பி வெடிக்கும். அது அவனுக்குத் தெரியும். சரியான ரகம் சென்னையிலிருந்து வந்து சேர்ந்த அன்று அரசுவை ஒரு ஃபோன் போட்டு வரச் சொல்லலாமென்று நினைத்தான். நினைத்ததோடு சரி.

போன மாதம் காற்று திரும்பிய ஒரு ராத்திரி, அரசுவின் படகு இஞ்சின் நின்று போய் மிதந்திருக்கிறது. வெகுதூரத்தில் இருந்த வேறொரு படகுக்கு அவன் குரல் கேட்டதாம். கரை, கரை என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தானாம். கரை பதில் சொல்லவில்லை. கரைக்குக் கேட்டிருந்தால் அங்கிருந்து ஒரு படகை அனுப்பியிருப்பார்கள். மூன்றாம் நாள் கவிழ்ந்த படகு கிடைத்தது. அரசு கிடைக்கவில்லை.

இன்று காலையில் பெட்டியோடும் வயர்லெஸ் செட்டோடும் வந்து நின்றவள் அவன் மனைவி சம்பூர்ணம்.

"செட்ட நிறுத்திட்டு நான் தூங்கிட்டேன்னு ஊரே பேசுதுண்ணே. மாமியா என் கையால தண்ணி வாங்கிக் குடிக்கறதில்ல." அவள் அழவில்லை. அழுது முடித்த முகம் அது. "நான் நிறுத்தல. விடியக்காலம் பாத்தா லைட்டே எரியல. பதட்டத்துல சுவிட்ச்ச இப்டியும் அப்டியும் தட்டினேன். மொதல்ல அது எப்டி இருந்துச்சுன்னு... இப்பல்லாம் எனக்கே சந்தேகமா கீதுண்ணே. நாந்தான் நிறுத்திட்டனோ?"

ஜெகதீசன் பெட்டியை வாங்கி மேசைமேல் வைத்தான்.

"நீங்க தொறந்து பாருங்க. அதுவா செத்துச்சா, நான் நிறுத்தினனான்னு ஒரு வார்த்த சொன்னா போதும். சாயந்தரம் ஊரு கூடுது. எல்லாரும் கேக்கற மாதிரி ஃபோன் போடறேன். அவுருக்கு உங்கமேல அம்புட்டு நம்பிக்க. அண்ணன் கை வச்சா சாவாதும்பாரு."

அவள் போனதும் திறந்தான். நான்கும் தலை உப்பி, உச்சியில் இருந்த பெருக்கல் குறிக் கீறல் பிளந்து, பழுப்பாக வழிந்திருந்தன. நான்கும் அவன் வைத்தவை.

இப்போது பெட்டி நன்றாக ஓடியது. கரண்ட் சரியாக வந்தது. அணைத்து, ப்ளக்கைப் பிடுங்கினான். பிடுங்கிய நிமிடமே கரண்டும் போயிற்று. தெருவே இருண்டது. கீழே மோகன் மின்சார வாரியத்தை ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டுவது கேட்டது. பிறகு மழை மட்டும்.

ப்ளக்கைப் பிடுங்கினாலும் பெரிய கெப்பாசிட்டர்கள் கரண்டைப் பிடித்து வைத்திருக்கும். தெரியாமல் தொட்டால் தூக்கி எறிந்துவிடும். அதனால் ஒரு குண்டு பல்பின் இரண்டு வயர்களை அவற்றின்மேல் வைத்து வடிய விடுவது வழக்கம். பல்பு ஒரு கணம் மினுங்கி அணையும். அணைந்த பிறகுதான் கை வைக்க வேண்டும்.

இருட்டில் தடவி வயர்களை வைத்தான். பல்பு மினுங்கியது.

அணையவில்லை.

சற்று நேரம் பொறுத்தான். மஞ்சள் வெளிச்சம் மேசையில் படிந்து, அப்படியே நின்றது. ப்ளக்கைப் பார்த்தான். தரையில் கிடந்தது. வயர்களை எடுத்தான். அப்போதும் பல்பின் கண்ணாடிக்குள் கம்பி சிவந்து, பிறகு மஞ்சளாகி, மூச்சு விடுவதுபோல ஏறி இறங்கியது.

வாடை தொண்டையில் வந்து உட்கார்ந்தது.

அப்போது வயர்லெஸ் செட் கரகரத்தது. அதன் வயர்கள் எதிலும் மாட்டப்படாமல் மேசையில் சுருண்டு கிடந்தன.

"கரை... கரை... கேக்குதா?"

ஜெகதீசன் அந்த வயர்களின் நுனியைத் தேடி எடுத்துப் பார்த்தான்.

"கரை, இஞ்சின் நின்னு போச்சு. காத்து இழுக்குது. கேக்குதா?"

பின்னால் அலை. மரத்தில் தண்ணீர் மோதும் சத்தம்.

"இன்னாடி சம்பூர்ணம், கோவமா? அப்பறமா திட்டிக்கோ. இப்ப பேசு."

மைக் அவன் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. பொத்தானை அழுத்தினால் போதும். கேக்குது அரசு, என்று சொன்னால் போதும். கை எழவில்லை.

"தண்ணி ஏறுது. யாராச்சும் பேசுங்க. கரையில யாருமே இல்லயா?"

கரகரப்பு. பிறகு அந்தக் குரல் தணிந்தது. கத்த வேண்டிய தூரத்தில் இல்லாததுபோல.

"மூச்சு உடற சத்தம் கேக்குது."

மழை.

"யாரு அது? அண்ணே... நீங்களா?"

சட்டைப்பையில் ஃபோன் அலறியது. ஜெகதீசன் துள்ளி எழுந்தான். நாற்காலி விழுந்தது. ஃபோனை எடுத்து அழுத்தினான்.

"அண்ணே, சம்பூர்ணம். ஊரு கூடிட்டுது. ஸ்பீக்கர்ல போட்டுகீறேன், சொல்லுங்க." பின்னால் மழையும் ஒரு கூட்டத்தின் இருமலும். யாரோ ஒரு கிழவர், "மறைக்காம சொல்லு நைனா" என்றார்.

என் தப்புதான். இரண்டே வார்த்தை. அவன் நாக்கில் அது இருந்தது. பிறகு குப்பத்து ஜனங்கள் இந்தப் படியேறி வருவது கண்முன் தெரிந்தது. பூட்டு மாட்டிய கடை தெரிந்தது. தன் பெயர் பஸ் ஸ்டாண்டு முழுக்கப் பேசப்படுவது தெரிந்தது.

"பாத்தேன்மா. உள்ள எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு."



"நல்லா... இருந்துச்சா?"

"ஆமா. சுவிட்ச்சு நிறுத்தினதாத்தான் இருக்கும்."

யாரோ ஒரு பெண் வாய்விட்டு, "நான் அப்பவே சொன்னேன்ல, பாவி!" என்று கத்தினாள். கூச்சல் எழுந்தது. அவன் ஃபோனை வைக்கப் போனான்.

"அண்ணே, இருங்க."

சம்பூர்ணத்தின் குரல் மாறியிருந்தது.

"அங்க யாரு?"

"யாருமில்லம்மா. நான் மட்டுந்தான்."

"இல்ல. யாரோ பேசறாங்க. எல்லாரும் வாய மூடுங்க!" அங்கே கூச்சல் அறுந்தது. மொத்தக் குப்பமும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. "'பொய் சொல்லாதீங்கண்ணே'ன்னு சொல்றது... அது..."

ஜெகதீசனுக்கு எதுவும் கேட்கவில்லை. செட் அமைதியாக இருந்தது. மழைகூட நின்றிருந்தது.

சொட்டு. சொட்டு. அறைக்குள்.

மேசைக்கு அந்தப் பக்கம். வாடிக்கைக்காரர்கள் உட்காரும் இடம்.

"அய்யோ, இது அவுரு கொரலுதான்," என்றாள் சம்பூர்ணம். கிழவர் கடவுள் பெயரைச் சொல்வது கேட்டது. "அண்ணே, உங்க காலுல வுழறேன். ஃபோன அவுருகிட்ட குடுங்க."

அவன் பார்க்கக் கூடாதென்று நினைத்தான். பார்த்தான்.

பல்பின் வெளிச்சம் முடியும் இடத்திலிருந்து ஒரு கை நீண்டு மேசைமேல் வந்திருந்தது. ஊறி வெளுத்த கை. விரல் நுனிகளில் தோல் கழன்று தொங்கியது. மணிக்கட்டில் சுற்றிய வலையின் நைலான் நரம்பு சதைக்குள் இறங்கியிருந்தது. கோபமில்லாமல், அவசரமில்லாமல், உள்ளங்கையை மேலே விரித்து, அது காத்திருந்தது.

"குடுங்கண்ணே," என்றாள் சம்பூர்ணம்.

விரல்கள் ஒருமுறை மடங்கி, விரிந்தன.