ஏழாவது ஆட்டம்

அன்று காலை பிரபாலினி றாமோன் கிழவரின் அறைக்குள் நுழைந்தபோது, சுவிஸின் ஓல்டன் நகரத்து மூடுபனி யன்னலை அடைத்துக்கொண்டு நின்றது. பத்து வருடமாக அந்த முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். ஆனால் அன்று அந்த அறைக்கு வந்தது மகள் ஜெனனிக்காக. விபத்தில் அடிபட்ட பிள்ளை மூன்று மாதமாகப் படுக்கையில் கிடந்தாள்.

அர்ஜென்டீனாவில், கிழவரின் ஊரில், தீயில் வெந்து செத்த ஓர் ஆட்டக்காரிக்கு நேர்த்தி வைப்பார்களாம். ஏழு ஆட்டத்துக்கான மேளத்தை இடைவிடாமல் அடித்தால் கேட்டது கிடைக்குமாம். முருகனுக்குக் காவடி நேர்ந்து பழகியவளுக்கு இது புதிதாகப் படவில்லை.

"நடுவிலை நிப்பாட்டினால்?"

"மிச்சத்தை அவளே வந்து ஆடுவாள்," என்றார் கிழவர். சிரிக்கவில்லை.

கிழவர் அடிக்க, ஆட்டுத்தோல் மேளம் அதிர்ந்தது. நாலாவது ஆட்டத்தில் அறைக்குள் புகை மணத்தது. ஆறாவது முடியும்போது ஜெனனி வீட்டிலிருந்து போன் எடுத்தாள்.

"அம்மா! கால்விரல் அசையுதம்மா!"

பிரபாலினி அழுதேவிட்டாள். அதே நேரம் தேவாலய மணி பன்னிரண்டு அடித்தது. மதிய ஓய்வு நேரம். ஒரு சத்தம் கேட்டாலும் பக்கத்து அறைக்காரி முறைப்பாடு எழுதுவாள். பத்து வருடம் அடங்கி நடந்த கை, பாவி, தானாகப் போய் மேளத்தோலை அமத்தியது.

"பன்னிரண்டாச்சு. மிச்சத்தைப் பின்னேரம் அடிப்பம், என்ன?"

கிழவர் அவளுடைய கையையே பார்த்தார்.

தோல் சுட்டது.

ஒரு மணிக்குச் சூப் கொண்டுபோனபோது அவர் செத்துப்போயிருந்தார்.

பிரபாலினி ஆற்றுப்பாலத்தைத் தாண்டி வீட்டுக்கு ஓடினாள். கதவைத் திறந்தால், நடுக்கூடத்தில் ஜெனனி நின்றாள். தன் காலில் நின்றாள்! கட்டிப்பிடித்துக் கொஞ்சினாள் தாய். பிள்ளையின் தலைமயிரில் பொசுங்கல் மணம்.

பனிக்குள், ஆற்றுக்கு அந்தப் பக்கம், மேளம் தொடங்கியது.

"ஜெனனி, இரடி பிள்ளை."

"ஏலாதம்மா. காலை நிப்பாட்ட ஏலாமல் கிடக்கு."

பிள்ளை சுழன்று ஆடினாள். கண்ணால் நீர் ஓடியது. பிரபாலினி விழுந்து, மேளத்தை அமத்திய அதே கையால் அந்தக் கால்களை இறுக்கிப் பிடித்தாள். அவை அவளையும் இழுத்துக்கொண்டு ஆடின.

"அம்மா, விடாதேங்கோ..."

மரத்தரை முழுக்கக் கரித்தடங்கள்.

அவை ஜெனனியின் பாதத்தைவிடச் சின்னவையாக இருந்தன.