எல்லாக் கேள்விக்கும் ஆம்

பட்டியலில் அவன் எழுதியது அறுபத்தொரு மென்பொருள். திரை அறுபத்திரண்டு என்றது.

ஒரு மென்பொருளைக் கேட்டால் அது தனக்கு வேண்டியதையெல்லாம் இழுத்துக்கொண்டுதான் வரும். ஒருத்தரைச் சாப்பிடக் கூப்பிட்டால் ஒரு வேன் நிறைய வந்து இறங்குவதைப் போல. அவற்றுக்குத் தனிப் பத்தி உண்டு. இதுவோ ‘நீங்கள் கேட்டவை’ என்ற பத்தியில் நின்றது. பெயர் இருக்க வேண்டிய இடம் காலி.

ஜன்னலே இல்லாத அந்த சர்வர் அறையில் மத்தியானமும் ஒன்றுதான், மழைக்காலமும் ஒன்றுதான். நாற்பது இயந்திரங்களின் விசிறிகள் ஒரே நீள மூச்சாக இரைந்துகொண்டிருக்க, சூடான பிளாஸ்டிக்கும் கருகிய தூசியும் கலந்த வாசனை குளிர்காற்றில் முகத்தில் அடித்தது. வெளியே வரவேற்பறையில், பிரசங்கி என்று ஊழியர்கள் அழைக்கும் மேலாளர், விருந்தினர்களுக்கு “மனிதக் கை படாத நிறுவல்” பற்றி முழங்கிக்கொண்டிருந்தார். நாற்பது இயந்திரங்களும் அந்தப் பட்டியல் உள்ள ஒரு கோப்பைப் படித்துத் தாமே தங்களை நிறுவிக்கொள்ளும். நடுவில் அவை எதைக் கேட்டாலும் பதில் ‘ஆம்’ என்று அந்தக் கோப்பில் ஒரே வரியில் எழுதியிருந்தான். கேள்விகளை ஒவ்வொன்றாகப் படிக்க யாருக்குப் பொறுமை?

வெளி அறையில் கண்காணிப்புத் திரை முன் இருந்த உதவியாளப் பெண்ணைத் தொலைபேசியில் பிடித்தான்.

“தங்கச்சி, பட்டியல்ல நீ ஏதாவது சேர்த்தியா?”

“நான் எதுக்குண்ணே கை வைக்கறேன்? என் விரல் பட்டுச்சுன்னா பிரசங்கி அங்கேயே மயங்கி விழுந்துடுவாரு.” சிரித்தாள்.

திரையில் புது வரி.

தேவை: குரல். கிடைத்தது: வெளி அறை. சம்மதமா? ஆம்.

சிரிப்பு பாதியில் அறுந்தது. காதில் வெறும் காற்று. வாயைத் திறந்து திறந்து மூடும் ஈரச் சத்தம்.

“தங்கச்சி?”

அறையின் கடைசியில், இயந்திர வரிசைகளுக்கு நடுவே, அந்தச் சிரிப்பு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. விரல்கள் தாமாகவே பழகிய வேலையைச் செய்தன: வேண்டாத மென்பொருளை விலக்க, அதன் முன் ஒரு கழித்தல் குறி. தட்டிய பிறகுதான் வரியைப் படித்தான்.

விலக்கினால் இதை நம்பி இருப்பவையும் போகும்: விளக்கு, கதவு. சம்மதமா? ஆம்.

இருட்டு. திரைகளின் நீல வெளிச்சம் மட்டும். கதவு இருந்த இடத்தைத் தடவினான். சுவர். பூச்சு இன்னும் ஈரமாக இருந்தது.

பட்டியலில் இப்போதும் அறுபத்திரண்டு.

கோப்பைத் திறந்து ‘ஆம்’ என்பதை ‘இல்லை’ ஆக்கினான். பயனில்லை. நாற்பதும் அதை எப்போதோ நகலெடுத்துக்கொண்டுவிட்டன.

தேவை: கைகள், இரண்டு. கிடைத்தது: வரவேற்பறை. சம்மதமா? ஆம்.

சுவருக்கு அப்பால் கைதட்டல் கேட்டது. பிறகு, இதுவரை எந்த மேடையிலும் பேச்சை நிறுத்தியறியாத பிரசங்கி, வார்த்தையே இல்லாமல் அலறினார்.

இங்கே, கடைசி வரிசையில், யாரோ இரும்புச் சட்டத்தை விரல்களால் தடவிக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு சட்டமாக. எண்ணிப் பார்ப்பதைப் போல. நிதானமாக.

“அண்ணே,” என்றது தங்கச்சியின் குரல். “இன்னும் ஒண்ணுதான் பாக்கி.”

தேவை: முகம். கிடைத்தது: இங்கே.

இரண்டு கைகளாலும் முகத்தை இறுகப் பொத்திக்கொண்டான்.

“இல்ல,” என்றான். “இல்ல. இல்ல.”

சம்மதமா?

ஆம்.

வலி இல்லை. சத்தம் இல்லை. கண்ணைத் திறந்தபோது அவன் கடைசி வரிசையில் நின்றிருந்தான், பிரசங்கியின் கைகளோடு. எதிரே, நீல வெளிச்சத்தில், சுவரோடு ஒட்டி ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். இவன் போட்டிருந்த அதே சட்டை. அதே செருப்பு.

அந்த ஆள் மெல்லத் திரும்பினான். முகத்திலிருந்து கைகளை எடுத்தான்.

நெற்றியிலிருந்து தாடைவரை ஒரே வழவழப்பு.