ஒரே உயரம்

“அடிப்பாவி! எங்கப்பா கட்டின மேடையை உடைச்சுப் போட்டிருக்கியே... உன் கை விளங்குமா?”

அடுப்பில் கோக்கோ கொதிப்பதற்கு முன்னால் நாத்தனார் இயானெட்டா கொதித்துவிட்டாள். சுவரில்லாமல் தூண்களோடு நிற்கும் குடும்பக் கூட்ட வீட்டின் கல்மேடை ஓரத்தில், ஒரு சக்கர நாற்காலி நுழையும் அகலத்துக்குத் தரைமட்டம் வரை வெட்டு. பக்கத்தில் கடப்பாரையும் கையுமாக லூபே. பெயர்த்த கல்லைக்கூட வீணாக்காமல், நாற்காலியிலிருந்தே கை எட்டும் உயரத்துக்கு அடுக்கி, மண் கொட்டி, மிளகாய் நட்டிருந்தாள்.

“இன்னைக்கு ஆப்பியா பட்டணத்துல இருந்து பெரியப்பா வராரு. நம்ம குடும்பத்துக்காகச் சபையில பேசத் தம்பிக்குப் பதிலா வேற ஆளை நிறுத்தப் போறாரு. ஏன்? நீ என் தம்பியை வீட்டுக்குள்ளயே பூட்டி வச்சிருக்கியே, அதனால! ரெண்டு வருஷமா ஒரு கூட்டத்துக்காவது அனுப்பினியா?”

லூபே வாயைத் திறக்கவில்லை. எப்படித் திறப்பாள்? புருஷன் பெனியாமினா சத்தியம் வாங்கியிருந்தானே! அவன் பேசினால் ஊரே வாய் பிளந்து கேட்கும். ஈரப்பலா மரத்திலிருந்து விழுந்தபிறகு பாயில் உட்கார முதுகு நிற்கவில்லை. எல்லாரும் பாயில் இருக்க, தான் மட்டும் நாற்காலியில், பெரியப்பா தலைக்கு மேலே உட்காருவதா? “பேச்சையே விட்டாலும் விடுவேன், அந்த மரியாதைக்கேடு மட்டும் வேண்டாம். யார்கிட்டயும் சொல்லாதே லூபே...” என்று அழுதான். பழியெல்லாம் தன் தலையில் விழட்டும் என்று இருந்துவிட்டாள் அந்த மகராசி.

பெரியவர்கள் வந்து மேடைமேல் விரித்த பாய்களில் அமர்ந்தார்கள். “சரி, இனிமே நம்ம சார்புல பேசப் போறது...” என்று பெரியப்பா தொடங்கும்போதே பின்பக்கம் சக்கரச் சத்தம். லூபே தள்ள, நாற்காலி அந்த வெட்டுக்குள் கச்சிதமாக நுழைந்தது. இருக்கையும் மேடையும் ஒரே மட்டம்! பெனியாமினா பெரியப்பாவை நேருக்கு நேர் பார்த்தான்.

“இதுக்காடா வராம இருந்தே?” நாற்காலியையும் மேடையையும் பார்த்ததுமே கிழவருக்குப் புரிந்துவிட்டது.

“உங்க தலைக்கு மேல எப்படிப் பெரியப்பா உட்காருவேன்? இவதான் அளந்து அளந்து வெட்டினா...”

“சாமரத்தை அவன் கையில குடுங்க! வேற ஆள் எதுக்கு?”

பேச்சுக்காரனுக்குரிய சாமரம் கைக்கு வந்ததுதான் தாமதம், இரண்டு வருஷப் பேச்சையும் சேர்த்துப் பேசித் தீர்த்தான். சிரித்துச் சிரித்து எல்லாருக்கும் வயிறு வலித்தது.

இயானெட்டா ஓடிவந்து லூபேயைக் கட்டிக்கொண்டு அழுதாள். “வாயில்லையாடி உனக்கு? அவ்வளவு திட்டினேனே, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?”

“சத்தியம் பண்ணிட்டேனே அக்கா...”

“பெரிய சத்தியம்! அடுப்புப் பக்கம் போனே, காலை ஒடிச்சிடுவேன். என் பாயில உட்காரு. இன்னைக்குக் கோக்கோ நான் ஊத்துறேன்.”

மருமகள் பரிமாற, வீட்டு மகள் உட்கார்ந்து குடிப்பதுதான் அங்கே வழக்கம். அன்றைக்கு முதல் கோப்பை மருமகள் கைக்கு வந்தது. லூபே ஒரு மடக்குக் குடித்தாள். கண்ணில் நீர் முட்டியது.

“இன்னும் என்னடி அழுகை?”

“அழலை அக்கா... நீங்க சர்க்கரையே போடலை!”